பெயரில்லாத பட்டியலில் ஒரு காரிக்காளை

தாராபுரம் சாலையில் தெற்குப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். இடது தோள் கழன்று தொங்கியது. அந்தக் கையை வலது கையால் ஏந்திக்கொண்டு நடந்தால் வலி ஒரு அளவோடு நின்றது. விட்டால் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. சட்டை முழுக்க ரத்தம். அதில் என்னுடையது கொஞ்சம், ஒரு மனிதருடையது கொஞ்சம், மீதியெல்லாம் ஒரு காளையுடையது. வெயிலில் காய்ந்து துணி அட்டைபோல விறைத்துவிட்டது. பின்னால் வந்த பேருந்து ஒன்று எனக்காக வேகம் குறைத்தது. பக்கத்தில் வந்து சட்டையைப் பார்த்ததும் மறுபடி வேகம் எடுத்தது. அந்த நடத்துநரின் இடத்தில் நான் இருந்தாலும் விசில் கொடுத்திருப்பேன்.

வலது தோளில் என் கயிறு கிடந்தது. மாட்டைச் சாய்க்கும் பருத்திக் கயிறு. அதுவும் ரத்தத்தில் ஊறிக் கனத்தது. தூக்கி எறிந்திருக்கலாம். ஆனால் என் சொத்து என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. இன்னொரு வேலை கிடைக்க வேண்டுமென்றால் அது வேண்டும்.

அப்போது ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்த காலம். எனக்குப் போன் போட யாரும் இல்லை. ஏழாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டினேன். தறிப் பெல்ட் ஒரு விரல் நகத்தைத் தோலோடு எடுத்துக்கொண்ட அன்று கிளம்பினேன். கோயம்புத்தூரில் லாடம் கட்டும் பாய் ஒருவரிடம் சேர்ந்தேன். அவர் லாடம் அடிப்பார், அதற்கு மாட்டைக் கீழே சாய்த்துப் பிடிப்பது என் வேலை. கொம்படியில் ஒரு முடிச்சு, நெஞ்சைச் சுற்றி ஒரு வளையம், அடிவயிற்றைச் சுற்றி இன்னொரு வளையம். பின்னால் நின்று இழுத்தால் எவ்வளவு பெரிய மாடும் கால் மடங்கி உட்கார்ந்துவிடும். இரண்டு வருடத்தில் விலா எலும்பில் உதை, தொடையில் ஒரு கொம்புக் குத்து. அங்கேயும் நிற்கவில்லை. காங்கயத்துக்கு வந்து தேங்காய் எண்ணெய் ஆலையின் களத்தில் கொப்பரை காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அங்கேதான் ஆராய்ச்சிக்காரர் என்னைத் தேடி வந்தார். மாடு சாய்க்கத் தெரிந்த ஆள் ஒருவன் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அவர் கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் வேலை பார்த்தார். பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். வயது முப்பதைத் தாண்டாது. காங்கயம் மாடுகளில் சினை கலைய வைக்கும் ஒரு நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க வந்திருந்தார். ஊர் ஊராகப் போய் மாட்டின் கழுத்து நரம்பில் ரத்தம் எடுப்பார். நான் சாய்ப்பேன், அவர் எடுப்பார். ஜீப்பில் ஒரு ஐஸ் பெட்டி, குழாய்கள், ஒரு நீலக் கோப்பு. அந்தக் கோப்பில்தான் பணம் கொடுத்தவர்களின் நிபந்தனைகள் இருந்தன. ஏதோ வெளிநாட்டு அறக்கட்டளை. சில நாள் ஜீப்பில் போகும்போது அதை எடுத்து எனக்குத் தமிழில் சொல்லுவார். பேச்சுத் துணைக்கு வேறு ஆள் இல்லாததால்தான் சொல்லியிருப்பார்.

நோய் இருக்கிறது, இல்லை என்று மட்டும் எழுதினால் அவர்களுக்குப் போதாது. எந்த இடம், என்றைக்கு, எத்தனை மணிக்கு, யார் எடுத்தது, எந்த முறையில் எடுத்தது, மாடு எப்படிப்பட்டது, மறுபடி பார்த்தால் அதே மாடு என்று எப்படிக் கண்டுகொள்வது, எல்லாவற்றையும் கூடவே எழுத வேண்டும். வேலை முடிந்ததும் முழுவதையும் யார் கேட்டாலும் பார்க்கும்படி வைத்துவிட வேண்டும். ரத்தம் எடுத்த ஊரிலும் அந்த ஊர் மொழியில் ஒரு பிரதி வைக்க வேண்டும். செய்யாவிட்டால் அடுத்த வருடத்துப் பணம் வராது. மாட்டுக்காரரின் பெயரை மட்டும் மறைத்துக்கொள்ளலாம்.

“நாம எடுத்தத நாமளே வெச்சுக்கக் கூடாதுங்களா சார்?” என்று கேட்டேன்.

“வெச்சுக்கிட்டா அது என் பேச்சு. நான் சொல்றேன்னு ஒருத்தன் நம்பணும். குடுத்துட்டா அவனே போட்டுப் பாத்து, நான் தப்புன்னா தப்புன்னு சொல்லிடுவான்.”

“தப்புன்னு சொல்றதுக்கா சார் அத்தன காசு குடுக்கறாங்க?”

“அதுக்குத்தான்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு பெருமை இருந்தது. எனக்கு அது புரியவில்லை, ஆனால் பிடித்திருந்தது.

காங்கயத்துக்குத் தெற்கே, காடு தோட்டம் நிறைய உள்ள ஒரு பண்ணாடியிடம் ஊரறிந்த பூச்சிக்காளை இருந்தது. பூச்சிக்காளை என்றால் பசுக்களுக்குச் சேர்க்கவென்றே வளர்ப்பது. சுற்றுவட்டாரத்தில் நல்ல கன்று வேண்டுமென்றால் பசுவை அங்கேதான் ஓட்டி வருவார்கள். கிளுவை வேலி கட்டிய மேய்ச்சல் காட்டில் வெள்வேல மரத்தடியில் அது நின்றது. கரிய காளை, காரி என்பார்கள். நாங்கள் படலைத் திறந்தபோது முன்னங்காலால் மண்ணைக் கிளறித் தன் முதுகில் போட்டுக்கொண்டது.

சாய்ப்பதற்குள் என்னை இரண்டு முறை வேலியில் கொண்டுபோய்ச் சாத்தியது. கிளுவை முள் முதுகில் ஒடிந்து நின்றது. கடைசியில் விழுந்தபோது தரை அதிர்ந்தது. பண்ணாடி அதன் முகத்தருகே உட்கார்ந்து கண்ணைத் தன் துண்டால் மூடி, “ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பெற்ற பிள்ளைக்கு ஊசி போடும்போதுகூட அவர் அப்படிச் சொல்லியிருப்பாரா தெரியாது.

ரத்தம் எடுத்து முடிந்ததும் ஆராய்ச்சிக்காரர் காகிதத்தை எடுத்தார். “அடையாளம் எழுதணுங்க. நிறம் கறுப்புன்னு போட்டுக்கறேன்.”

“கறுப்புன்னா என்னங்க கறுப்பு, எருமையாட்ட? காரின்னு போடுங்க” என்றார் பண்ணாடி. “நெத்தியில ரெட்டைச் சுழி. திமில்ல கோபுரச் சுழி. இது ரெண்டும் ஒண்ணாருக்கற காளை இந்த ஜில்லாவுல வேற கெடையாது. கெடையாதுன்னு எழுதிக்குங்க.”

“இல்லாததை எழுதக்கூடாதுங்க. இருக்கறதைத்தான் எழுதணும்.”

“அப்ப இருக்கறத நல்லா எழுதுங்க. வலது புட்டத்துல பிறைச் சூடு. எங்கப்பாரு காலத்துலருந்து எங்க கட்டுத்தரைக்கு அதான் சூடு. இடது கொம்பு நுனி மழுங்குனது, லாரியில முட்டி. லாரிதான் நின்னுபோச்சு, அதையும் போடுங்க.”

அவர் சொல்லச் சொல்ல ஆராய்ச்சிக்காரர் எழுதினார். இவ்வளவு விவரம் தானாக வந்து சேர்ந்ததில் அவருக்கு மகிழ்ச்சி. அந்தப் பக்கத்தில் மாடு வாங்குகிறவர்கள் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் சுழியைப் பார்ப்பார்கள் என்பது தஞ்சாவூர்க்காரருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் தெரிந்து என்ன, நான் முதுகு முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பண்ணாடி என் குனிந்த தலையைப் பார்த்தார்.

“ஏண்டா, உனக்கும் ரெட்டைச் சுழியாட்ட இருக்குது. ரெண்டு கண்ணாலமா?”

“ஒண்ணே ஆகலீங்க.”

“ஆகாது. சுழி ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும்.” பிறகு ஆராய்ச்சிக்காரரிடம் திரும்பினார். “எதுனாலும் என்ற பேரு மட்டும் வெளிய வரக்கூடாதுங்க.”

“பேர் வராதுங்க. நம்பர்தான்” என்றார் அவர்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பெயரை எடுத்துவிட்டால் ஆளை எடுத்துவிட்டதாக அவர் நினைத்தார். பணம் கொடுத்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

சோதனை எளிமையானது. பீங்கான் தட்டில் ஒரு துளி, அதன்மேல் இளஞ்சிவப்புச் சாயம் ஒரு துளி. கலக்கி ஆட்டினால், நோய் இருந்தால் தயிர் திரிவதுபோலத் திரியும். காரியின் துளி திரிந்தது. ஆராய்ச்சிக்காரர் மறுபடியும் செய்து பார்த்தார், அப்போதும் திரிந்தது. மறுநாளே போய்ப் பண்ணாடியிடம் தனியாகச் சொன்னார். இனிமேல் எந்தப் பசுவுக்கும் சேர்க்க வேண்டாம் என்றார்.

பண்ணாடி கேட்டது ஒன்றுதான். “யார் யாருக்குத் தெரியுமுங்க?”

“எனக்கு. உங்களுக்கு. இவனுக்கு.”

அவர் என்னைப் பார்த்தார். கழுத்தில் கயிறு போடும் இடத்தைப் பார்ப்பதுபோல இருந்தது. “சரிங்க” என்றார்.

ஆனால் அடுத்த முறை போனபோது கட்டுத்தரையில் வெளியூர்ப் பசு ஒன்று நின்றது. காரி அதன்மேல் இருந்தது. ஆராய்ச்சிக்காரருக்குக் கோபத்தில் குரல் உடைந்தது. பண்ணாடி மெதுவாகத்தான் சொன்னார். “மாட்ட ஓட்டிக்கிட்டு வந்து நிக்கறவங்கிட்ட இல்லைன்னு எப்படிங்க சொல்லறது? ஏன்னு கேப்பானுங்கல்ல. என்னன்னு சொல்லட்டும்?”

அதுதான் அவர் நிலைமை. காளையை நிறுத்தினால் ஊருக்குத் தெரியும். தெரிந்தால் அந்தக் காளை முடிந்தது, அந்தக் கட்டுத்தரையின் பேரும் அதோடு முடிந்தது. நிறுத்தாவிட்டால் பசுக்கள் ஒவ்வொன்றாகச் சினை கலையும்.

கலைந்துகொண்டுதான் இருந்தன. பக்கத்துக் காடு பண்ணாடியின் தங்கை வீட்டுக்காரருடையது. பண்ணாடி அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவார், நாங்களும் அப்படியே சொல்லிக்கொண்டோம். மாப்பிள்ளையின் பசுக்கள் எல்லாம் காரிக்குச் சேர்த்தவை. வரிசையாகச் செத்த கன்று போட்டன. பாதி வெளியே வந்து நின்ற கன்றுகளை அவரே தோள்வரை கையை விட்டு இழுத்துப் போட்டார். பிறகு அவருக்கே காய்ச்சல் வந்தது. சாயங்காலம் ஆனால் ஏறும், வியர்த்துக் கொட்டும், இடுப்பும் முட்டியும் விட்டுப்போகும். ஒரு வாரம் விலகியிருந்து மறுபடி வரும். டைபாய்டு என்றார்கள், மலேரியா என்றார்கள். பனங்கட்டைபோல இருந்த மனிதர் கழுத்தெலும்பு தெரிய இளைத்துவிட்டார்.

ஆராய்ச்சிக்காரர் அவரைப் பார்த்ததும், கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இன்ன சோதனை செய்யச் சொல்லுங்கள், இது மாட்டிலிருந்து வரும் காய்ச்சலாக இருக்கலாம் என்றார்.

“எந்த மாட்டுலருந்துங்க?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

ஆராய்ச்சிக்காரர் ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினார். “போய்ச் சோதனை பண்ணுங்க மொதல்ல” என்றார். மாப்பிள்ளை போகவில்லை. யாரோ செய்வினை வைத்துவிட்டதாக அவர் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். யார் என்றும் ஒரு ஆளை வைத்திருந்தார்கள். பாவம், தெருக்கோடியில் ஒரு கிழவர். ஒருநாள் மாப்பிள்ளை அவர் வீட்டுக்குப் போய் மண்டையை உடைத்துவிட்டு வந்தார்.

வருடம் முடிந்தது. பணம் கொடுத்தவர்களிடமிருந்து கடிதம் வந்தது: எல்லாவற்றையும் வெளியில் வையுங்கள். ஆராய்ச்சிக்காரர் பிளாப்பியில் ஒரு பிரதியை அவர்களுக்கு அனுப்பினார். தமிழில் தட்டச்சு செய்ததைக் காங்கயத்துக் கால்நடை மருந்தகத்துக்கு அனுப்பினார். அங்கிருந்தவர்கள் அதைச் சுவரில் ஒட்டினார்கள். ஒட்டியது சந்தை நாளில்.

நான் காலையில் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சுவரோரம் கூட்டம் சேர்ந்திருந்தது. முதலில் யாருக்கும் அது என்னவென்று பிடிபடவில்லை. கண்ணாடி போட்ட ஒருவர் சத்தமாக வாசித்தார். “மயிலைப் பசு. காது கிழிந்தது. முதுகில் வாலடிச் சுழி.”

“அட, அது நம்ம சோடாக்கடைக்காரம் மாடு” என்றது ஒரு குரல். சிரிப்பு.

“செவலை. கொம்பு ஒன்று கீழ்நோக்கி.”

“அது என்ற மாமியா ஊட்டு மாடுங்க. மாமியாளும் அப்படித்தான் இருப்பா.”

விளையாட்டாகிவிட்டது. ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் யார் மாடு என்று சொல்ல, தவறாகச் சொன்னவனைக் கூட்டம் கேலி செய்தது. தவறாகச் சொன்னவர்கள் குறைவு. பெயர் ஒன்றுகூட இல்லாத அந்தத் தாளில் இருந்த எல்லோரையும் அரை மணியில் அவர்கள் படித்துவிட்டார்கள். கடைசிக் கட்டத்தில் இருந்த கூட்டல் குறி என்னவென்று ஒருவன் கேட்க, கண்ணாடிக்காரர் தாளின் அடியில் பார்த்துச் சொன்னார்: “நோய் இருக்குதுன்னு அர்த்தம்.” சிரிப்பு குறைந்தது. பிறகு அவர் இதை வாசித்தார்:

“காரி. பொலிகாளை. நெற்றியில் இரட்டைச் சுழி. திமிலில் கோபுரச் சுழி. வலது புட்டத்தில் பிறைச் சூடு. இடது கொம்பு நுனி மழுங்கியது. கூட்டல்.”

யாரும் யாருடைய காளை என்று சொல்லவில்லை. எல்லோரும் ஒரு பக்கமாகத் திரும்பினார்கள். அங்கே மாப்பிள்ளை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு நின்றிருந்தார். அவர் கண்ணாடிக்காரரிடம், “இன்னொருக்கா படிங்க” என்றார். அவர் படித்தார். மாப்பிள்ளை கம்பளியைக் கழற்றி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

நான் ஓடினேன். ஆராய்ச்சிக்காரர் பயணியர் விடுதியில் இருந்தார். ஊருக்கே தெரிந்துவிட்டது என்றேன்.

“எப்படி? பேரே போடலியே. யார் சொன்னா?”

“சுழி போட்டிருக்குதுங்களே சார்.”

 அவர் எழுந்து ஜீப் சாவியை எடுத்தார். “வேற யாரும் போறதுக்கு முன்னாடி அவர்கிட்ட நானே சொல்லணும்.”

பண்ணாடி காட்டில்தான் இருந்தார். ஆராய்ச்சிக்காரர் சொல்வதை முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்ததும் கையில் இருந்த தார்க்கோலைத் திருப்பிப் பிடித்து, தடித்த முனையால் ஆராய்ச்சிக்காரரின் வாயில் அடித்தார். உதடு பிளந்து பல் வெளியே தெரிந்தது. இரண்டாவது அடி காதுக்கு மேலே. அவர் மண்டிபோட்டு விழுந்தார். மூன்றாவது அடியை நான் தடுத்தேன். அது என் முழங்கையில் இறங்கியது.

“பேரு வராதுன்னு சொன்னீல்ல” என்றார் பண்ணாடி. கத்தவில்லை. மூச்சு மட்டும் இரைத்தது.

“வரலீங்க” என்றார் ஆராய்ச்சிக்காரர், வாயில் ரத்தத்தோடு.

பண்ணாடி அவரைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். “இன்னொருக்கா எடு. இப்பவே எடு. இல்லைன்னு வரும். வந்ததும் அதையும் செவுத்துல ஒட்டு.”

ஆராய்ச்சிக்காரர் என்னைப் பார்த்தார். இரண்டாம் மாதிரி எடுத்து உறுதி செய்ய வேண்டும் என்றும் அந்த நீலக் கோப்பில் இருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. கயிற்றை எடுத்தேன். கொம்படியில் முடிந்தேன். நெஞ்சு வளையம், வயிற்று வளையம். இழுக்க வேண்டியது மட்டும் பாக்கி. அப்போது படல் திறந்தது.

மாப்பிள்ளை வந்தார். அவர் பின்னால் கன்று பறிகொடுத்த ஆட்கள் சிலர், கையில் தடிகள். மாப்பிள்ளையின் கையில் அரிவாள். 

“மச்சான், தள்ளிக்குங்க” என்றார்.

“மாப்ள, ரெண்டாந்தரம் பாக்கறாங்க. இரு.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

 பண்ணாடி காளைக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றார். அதுவே பதிலாகிவிட்டது. மாப்பிள்ளை அவரைச் சுற்றிக்கொண்டு போய் அரிவாளைக் காளையின் பின்னங்காலில் இறக்கினார். நரம்பு அறுந்த சத்தம் எனக்குக் கேட்டது, ஈரக் கயிறு அறுவதுபோல. காளை குரல் எழுப்பவில்லை. அப்படியே சுழன்றது. முன்னால் நின்றது பண்ணாடி. மழுங்காத வலது கொம்பு அவர் தொடையில் ஏறி மறுபக்கம் வந்தது. காளை தலையைத் தூக்கியபோது அவரும் சேர்ந்து தூக்கப்பட்டார்.

“இழு” என்று ஆராய்ச்சிக்காரர் கத்தினார். அவரும் வந்து கயிற்றைப் பிடித்தார். இருவரும் பின்னால் சாய்ந்து இழுத்தோம். காரி மூன்று காலில் நின்று பார்த்தது, பிறகு மடங்கி விழுந்தது. ஆட்கள் பண்ணாடியைக் கொம்பிலிருந்து உருவினார்கள். நான் கயிற்றை விடவில்லை. விட்டால் எழுந்துவிடும்.

நான் அப்படிப் பிடித்திருக்கும்போதுதான் மாப்பிள்ளை காளையின் கழுத்தில் வெட்டினார். கிடாவெட்டு மாதிரி ஒரே வெட்டில் முடியவில்லை. அவருக்குப் பலம் இல்லை. வெட்டுவார், நிற்பார், இருமுவார், மறுபடி வெட்டுவார். ஒவ்வொரு வெட்டும் கயிறு வழியாக என் கைக்கு வந்தது. கயிறு தளரும்வரை பிடித்திருந்தேன்.

ஆட்கள் பண்ணாடியின் தொடையைத் துண்டால் இறுக்கிக் கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். ஆராய்ச்சிக்காரர்தான் ஓட்ட வேண்டும். அவர் ஜீப்புக்குப் போகிற வழியில் காளையருகே குனிந்தார். பையிலிருந்து ஒரு குழாயை எடுத்துக் கழுத்தில் பொங்கிக்கொண்டிருந்த இடத்தில் பிடித்து நிரப்பினார். மூடி போட்டார். லேபிளில் இடம் எழுதினார், தேதி எழுதினார். “மணி என்ன?” என்று என்னைக் கேட்டார். என்னிடம் ஏது கைக்கடிகாரம். தன் கையைத் தானே பார்த்து எழுதினார். யார் எடுத்தது என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். எடுத்த முறை என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. உதட்டிலிருந்து ஒரு சொட்டு லேபிளின் மேல் விழுந்தது. அந்த இடத்தைக் காலியாக விட்டுக் குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

ஜீப் போனதும் பண்ணாடியின் பண்ணையாட்கள் வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளையை யாரும் தொடவில்லை. அவர் உறவு, கையில் அரிவாளும் இருந்தது. காளை என் கயிற்றில் கட்டுண்டு கிடந்தது.

“கட்டிப்போட்டது எவன்?”

கேள்விக்குக் காத்திருக்கவில்லை. கிளுவைக் கட்டையால் அடித்தார்கள். காதில் ஒன்று, விலாவில் ஒன்று. கையை முதுகுக்குப் பின்னால் ஒருவன் முறுக்கியபோது தோள் கழன்றது. கீழே விழுந்து கிடந்தபோது மாப்பிள்ளை, “அவன உடுங்கடா, அவன் கூலிக்காரன்” என்று சொன்னது கேட்டது. விட்டார்கள். எழுந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டேன். ஒரு கையால் அவிழ்க்க நேரம் ஆனது. யாரும் உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

பின்னால் கேள்விப்பட்டது இவ்வளவுதான்: பண்ணாடி பிழைத்துக்கொண்டார், அந்தக் கால் மட்டும் மடங்காது. மாப்பிள்ளையைப் போலீஸ் கொண்டுபோனது. உள்ளே இருக்கும்போது காய்ச்சலுக்குச் சரியான மருந்து கொடுத்தார்கள், நோயின் பெயர்தான் சுவரில் ஒட்டியிருந்ததே. மண்டை உடைந்த கிழவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

பொழுது சாயும் நேரம் ஒரு லாரி நின்றது. காங்கயத்து ஆலையில் கொப்பரை இறக்கிவிட்டு உடுமலைப்பேட்டைக்குக் காலியாகத் திரும்பும் வண்டி. டிரைவர் என் சட்டையைப் பார்த்தும் நிறுத்தியது ஆச்சரியம்தான்.

“அடிதடிங்களா?”

“மாடுங்க.”

“மாடு கட்டையில அடிக்குமா? காதப் பாரு.” கிளீனரை எழுப்பினார். “டேய், இவனுக்குத் தோளு எறங்கிக் கெடக்குது. ஏத்திவுடு.”

கிளீனர் என்னை லாரியின் பின்பலகையில் படுக்கவைத்து, அக்குளில் தன் வெறுங்காலை முட்டுக்கொடுத்து, கையைப் பிடித்து இழுத்தான். எலும்பு உள்ளே போன சத்தம் டிரைவருக்கும் கேட்டது. நான் வாந்தி எடுத்தேன். அவர் தன் துண்டைக் கொடுத்துக் கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்ளச் சொன்னார்.

போகும் வழியில் பேசிக்கொண்டே வந்தார். “காங்கயத்துல ஒரு கூத்து கேட்டீங்களா? எவனோ ஆராய்ச்சிக்காரனாம், ஊசி போட்டு ஒரு பூச்சிக்காளையக் கொன்னுபோட்டானாம். கேக்கப்போன பண்ணாடியையும் குத்திப்போட்டானாம்.”

“அப்படிங்களா?” என்றேன்.

“அப்படித்தான் சொல்லிக்கறாங்க. நான் எங்க பாத்தேன்.”

உடுமலைப்பேட்டை சந்தைக்குப் பின்னால் தேங்காய் மட்டைக் குவியலில் படுத்தேன். விடிந்ததும் மாட்டுச் சத்தத்தில் எழுந்தேன். மலையாளத்துப் பக்கம் போகும் அடிமாடுகளை ஒரு தரகர் சேர்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, கையில் பிளாஸ்டிக் பை. என் கைக்கட்டுக்கு முன்னால் என் கயிறுதான் அவர் கண்ணில் பட்டது.

“கயிறு உன்றதா?”

“ஆமாங்க.”

“மாடு சாய்ப்பியா?”

“சாய்க்க மாட்டேனுங்க. நடத்துவேன்.”

“நடத்தத்தான் ஆளு வேணும். ஒரு கை போதும்.”

மாடுகளைப் பார்த்தேன். பாதி எனக்குத் தெரிந்தவை. காது கிழிந்த மயிலை நின்றது. ஒரு கொம்பு கீழிறங்கிய செவலை நின்றது. சுவரில் வாசித்த வரிசையில் கூட்டல் போட்டவை எல்லாம் முந்தைய நாள் பொழுதோடு லாரி ஏறி இங்கே வந்து சேர்ந்திருந்தன. பின்வரிசையில் மாப்பிள்ளையின் பசு ஒன்று. அதன் மடி வற்றிச் சுருங்கியிருந்தது. இவை எல்லாமே நான் சாய்த்தவை. என்னைப் பார்த்ததும் மயிலை ஓரடி பின்வாங்கியது.

“வழியில கேப்பாங்க, எந்தூரு மாடுன்னு” என்றார் தரகர். “என்ன சொல்லுவே?”

“தெரியாதுங்கறேன்.”

“யாரு குடுத்ததுன்னு கேட்டா?”

“தெரியாதுங்க.”

“சீக்கு கீக்கு உண்டான்னு கேட்டா?”

நான் மாப்பிள்ளையின் பசுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “அத எவனும் கேக்கமாட்டான்” என்று சொல்லிவிட்டு, சிவப்புச் சாய வாளி ஒன்றையும் துணி சுற்றிய குச்சியையும் என் முன்னால் வைத்தார். எல்லா மாட்டுக்கும் ஒரே மாதிரி அடிக்க வேண்டும், சூட்டுத் தழும்பு இருந்தால் அதன்மேலேயே அடித்துவிட வேண்டும் என்றார். கயிற்றை ஓரமாக வைத்துவிட்டு, நல்ல கையால் குச்சியை வாளியில் தோய்த்தேன். முதலில் மயிலை.